கார் செட் மாற்றும் முன் வண்டியைக் கேளுங்கள்

கார் ஸ்டீரியோ வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் ஆரம்பிக்கிறார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதலில் ஒரு பெரிய திரையைப் பார்த்து மயங்குவது, அப்புறம் அது வண்டியில் உட்காருமா என்று கேட்பது, மாட்டி முடித்த பிறகு "சத்தம் என்னவோ பழைய மாதிரியேதான் இருக்கு" என்று தலையைச் சொறிவது. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதித் தொல்லை வராது. வண்டியில் ஆரம்பித்து, ஸ்பீக்கருக்கு வந்து, கடைசியில்தான் செட்டுக்குப் போக வேண்டும்.

முதல் வேலை: ஒரு வாரம் சும்மா இருங்கள்

எதையும் வாங்காமல் ஒரு வாரம் பழைய செட்டோடேயே ஓட்டுங்கள். எரிச்சல் வரும் ஒவ்வொரு முறையும் எதனால் வந்தது என்று, வண்டியை நிறுத்தியதும் போனில் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். இது வேலையற்ற வேலை மாதிரி தெரியும், ஆனால் வார முடிவில் அந்தக் குறிப்பைப் பார்த்தால் நீங்கள் நினைத்திருந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. போன் இணைவதில்தான் சிக்கல் என்றால் அதற்கு ஒரு வழி, பாட்டில் பேஸ் (கனத்த அடியொலி) இல்லை, குரல் தெளிவில்லை என்றால் அது பெரும்பாலும் ஸ்பீக்கர் விவகாரம், மேப்பைப் பெரிதாகப் பார்க்க வேண்டும், ரிவர்ஸ் கேமரா வேண்டும் என்றால் அப்போதுதான் திரை. மூன்றுக்கும் மூன்று விதமான செலவு. பழைய செட்டில் போனை வயரில் இணைக்கும் ஆக்ஸ் துளை இருந்து, உங்கள் குறை ப்ளூடூத் இல்லை என்பது மட்டும்தான் என்றால், ஒரு சின்ன ப்ளூடூத் ரிசீவரை அதில் செருகினால் கதை முடிந்தது. இந்தக் கட்டுரையையும் நீங்கள் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

வண்டியில் பார்க்க வேண்டியவை

சரி, செட்டை மாற்றத்தான் போகிறோம். முதலில் டேஷ்போர்டில் இருக்கும் துளையின் அளவு. கார் செட்டுகளுக்குப் பொதுவான இரண்டு அளவுகள் உண்டு: 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம் இருந்தால் சிங்கிள் டின். அதே அகலத்தில் 100 மி.மீ. உயரம் இருந்தால் டபுள் டின். "டின்" என்பது ஜெர்மனியின் தர நிர்ணய நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம், அளவை முதலில் வகுத்தது அவர்கள் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. டொயோட்டா வண்டிகள் பலவற்றில் அகலம் 200 மி.மீ. இருக்கும், அங்கே சாதாரண செட்டை வைத்தால் இரண்டு பக்கமும் இடைவெளி தெரியும். புதிய வண்டிகளில் திரை எந்த அளவுக்கும் அடங்காத விசித்திர வடிவத்தில் இருக்கும், அதற்கு அந்த மாடலுக்கென்றே செய்த ஃப்ரேம் வேண்டும். 9 அங்குலம், 10 அங்குலம் என்று விற்கும் செட்டுகளுக்கும் இதே ஃப்ரேம்தான். ஃப்ரேம் கிடைக்குமா என்று தெரிந்துகொண்ட பிறகே செட்டின் மீது ஆசை வையுங்கள்.

அகலத்தையும் உயரத்தையும் எல்லோரும் பார்க்கிறார்கள், ஆழத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. செட்டுக்குப் பின்னால் வயர்க்கட்டு, ஆன்டெனா கேபிள், யுஎஸ்பி கேபிள் எல்லாம் மடங்கி உட்கார இடம் வேண்டும், சில டேஷ்போர்டுகளில் ஏசி குழாய் குறுக்கே ஓடும்.

அடுத்தது இன்னும் முக்கியம். உங்கள் பழைய செட் பாட்டு மட்டும்தான் பாடுகிறதா? பல வண்டிகளில் ஏசி எத்தனை டிகிரி, பார்க்கிங் சென்சாரின் பீப் ஒலி, கதவுப் பூட்டு அமைப்புகள் எல்லாம் அந்தத் திரை வழியாகத்தான் நடக்கின்றன. அதைக் கழற்றினால் இவையும் கூடவே போய்விடலாம். அப்படிப்பட்ட வண்டி என்றால் செட்டைத் தொடவே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். ஸ்பீக்கரை மாற்றுங்கள், தேவைப்பட்டால் ஒரு சின்ன ஆம்ப் (ஒலிபெருக்கும் பெட்டி) சேருங்கள், அதோடு விடுங்கள்.

ஸ்டியரிங்கில் பட்டன்கள் இருந்தால் அவை எப்படி வேலை செய்கின்றன என்று விசாரியுங்கள். பழைய முறையில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு மின்தடை இருக்கும், எந்த பட்டன் எது என்று புது செட்டுக்குச் சொல்லிக்கொடுத்தால் பழகிக்கொள்ளும். புதிய வண்டிகளில் அது கேன் பஸ் என்ற தகவல் கம்பி வழியாக வரும், அதைப் புரிந்துகொள்ளத் தனியாக ஒரு கேன் பாக்ஸ் வேண்டும். கம்பெனி பொருத்திய ரிவர்ஸ் கேமரா இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: சில வண்டிகளில் அந்தக் கேமரா 6 வோல்ட்டில் ஓடுகிறது, யோசிக்காமல் 12 வோல்ட் கொடுத்தால் கருகிவிடும்.

வாட் என்னும் மாயை

அட்டைப் பெட்டியில் 4 × 50 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். செட்டைத் திருப்பிப் பின்பக்கம் உள்ள ஃப்யூஸைப் பாருங்கள். பெரும்பாலும் 10 ஆம்பியர், சிலவற்றில் 15. வண்டி ஓடும்போது மின்சாரம் சுமார் 14.4 வோல்ட். 10 ஆம்பியரால் பெருக்கினால் 144 வாட். செட்டுக்குள்ளே போகும் மொத்த மின்சாரமே அவ்வளவுதான் என்றால், வெளியே 200 வாட் எப்படி வரும்? உள்ளே போவதிலும் கணிசமான பங்கு வெப்பமாகிவிடும், செட்டின் பின்புறம் சுடுவது அதனால்தான். உண்மையில் ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ச்சியாகக் கிடைப்பது ஏறத்தாழ 15 முதல் 22 வாட். அதைத்தான் ஆர்எம்எஸ் வாட் என்பார்கள். 50 என்பது கண நேர உச்சம். எனவே 4 × 50, 4 × 55, 4 × 60 என்று செட்டுகளை ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சக்தியை இரட்டிப்பாக்கினால் சத்தம் கூடுவது 3 டெசிபல் மட்டுமே, காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று தோன்றும், அவ்வளவுதான். ஸ்பீக்கரின் குறிப்பில் சென்சிடிவிட்டி என்று ஒரு எண் இருக்கும், 88 டெசிபல், 91 டெசிபல் என்று. 91 உள்ள ஸ்பீக்கர் அதே செட்டில் 88 உள்ளதைவிட 3 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். அதாவது இரண்டு மடங்கு வாட் கொண்ட செட் வாங்கியதற்குச் சமம். செட்டிலிருந்தே ஓட்டப் போகிறீர்கள், ஆம்ப் கிடையாது என்றால் சென்சிடிவிட்டி கூடுதலாக உள்ள ஸ்பீக்கரைத் தேடுங்கள். "300 வாட் மேக்ஸ்" என்று ஸ்பீக்கர் மேல் எழுதியிருப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

பணம் அளவாக இருந்தால் முன் கதவு ஸ்பீக்கர்கள் இரண்டை மட்டும் நல்லதாகப் போடுங்கள். பின்னால் உள்ளவை ஓட்டுபவருக்குப் பெரிதாக உதவுவதில்லை. வாங்கும் முன் ஸ்பீக்கரின் ஆழத்தை அளந்து பாருங்கள், கதவுக் கண்ணாடியை இறக்கும்போது அதன் காந்தத்தில் இடித்தால் அப்புறம் அழுது பயனில்லை. கதவின் உள்தகட்டில் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டினால் பேஸ் கெட்டியாகும். ஸ்பீக்கர் மாற்றக் கதவைத் திறக்கும்போதே ஒட்டிவிடுங்கள், மறுபடி திறக்க மனசு வராது.

இப்போது செட்

ஒருவழியாக இங்கே வந்துவிட்டோம். இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று, ஆப்பிள் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இவற்றைக் காட்டும் செட். இன்னொன்று, உள்ளேயே முழு ஆண்ட்ராய்டு ஓடும் செட், அதாவது டேஷ்போர்டில் ஒரு டேப்லட். கார்ப்ளே 2014-லும் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015-லும் வண்டிகளுக்கு வந்தன. இவற்றில் மூளை உங்கள் போன்தான், செட் வெறும் திரையும் காதும். போனை மாற்றும்போதெல்லாம் மேப்பும் பாட்டு ஆப்பும் புதிதாகின்றன. முழு ஆண்ட்ராய்டு செட்டின் மூளையோ அதற்குள்ளேயே இருக்கிறது, மலிவான போன் இரண்டு வருடத்தில் திணறுவது போல அதுவும் திணறும், ஆனால் அதைத் தூக்கிப் போட டேஷ்போர்டையே பிரிக்க வேண்டும். என் ஓட்டு முதல் குடும்பத்துக்கு. இரண்டாவதுதான் வேண்டும் என்றால் 2 ஜிபி ராம் உள்ளதை எடுக்காதீர்கள், குறைந்தது 4 பாருங்கள். அமைப்புகள் பக்கத்தில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், மலிவு செட்டுகளில் அந்த எண்ணையே மாற்றி எழுதி விற்பதும் நடக்கிறது.

இதைத் தவிரப் பார்க்க வேண்டியது மூன்றே விஷயம்தான். சத்தத்தைக் கூட்டக் குறைக்க ஒரு திருகும் குமிழ் இருக்கிறதா? திரையில் தடவிச் சத்தம் குறைப்பது ஓட்டும்போது எவ்வளவு அவஸ்தை என்பது முதல் நாளே தெரியும், நான் குமிழ் இல்லாத செட்டை வாங்கவே மாட்டேன். வெயில் அடிக்கும்போது திரை தெரிகிறதா? கடைக்குள் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும், முடிந்தால் வாசலுக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். பின்னால் ஆம்புக்கு சிக்னல் அனுப்பும் ப்ரீ-அவுட் துளைகள் உண்டா, எத்தனை வோல்ட்? பின்னாளில் ஆம்ப் அல்லது சப்-வூஃபர் (பேஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர்) சேர்க்கும் எண்ணம் இருந்தால் இது முக்கியம், 2 வோல்ட்டைவிட 4 வோல்ட்டில் இரைச்சல் குறைவு.

பொருத்துதல்: இங்கேதான் எல்லாம் கெடுகிறது

வண்டியின் வயரை ஒருபோதும் வெட்ட விடாதீர்கள். வண்டிக் கப்ளருக்கும் (வயர்களை இணைக்கும் செருகி) செட்டுக் கப்ளருக்கும் நடுவே மாட்டும் வயர்க்கட்டான ஹார்னஸ் பெரும்பாலான மாடல்களுக்குக் கிடைக்கிறது. வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிய இணைப்பு வெயிலில் பசை இளகி என்றைக்காவது ஒருநாள் பிரியும், அந்த நாள் நமக்கு வசதியான நாளாக இருக்காது.

வெளியில் வாங்கும் செட்டுகளில் வயர் நிறங்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். மஞ்சள் என்றால் எப்போதும் வரும் 12 வோல்ட், அமைப்புகளை நினைவில் வைக்க. சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் வரும் 12 வோல்ட். கறுப்பு எர்த். நீலம் ஆன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்பை எழுப்ப. வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு இருந்தால் அது மைனஸ். வண்டிப் பக்கத்து வயருக்கு இந்த நிறக் கணக்கு பொருந்தாது, அங்கே ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழக்கம். நிறத்தைப் பார்த்து நிறத்தோடு சேர்த்தால் புகை வரலாம்.

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் ஒவ்வொரு முறை சாவியை எடுக்கும்போதும் செட் எல்லாவற்றையும் மறந்துவிடும். சில வண்டிகளில் கப்ளரிலேயே இந்த இரண்டும் மாறித்தான் வரும். அதைச் சரிசெய்ய சிலர் ஒரு குறுக்கு வழி பிடிக்கிறார்கள், இரண்டையும் ஒன்றாக முறுக்கி எப்போதும் வரும் கரண்ட்டில் கொடுத்துவிடுவது. எனக்கு ஒருவர் அப்படித்தான் செய்து கொடுத்தார். செட் நினைவை இழக்கவில்லை, நானும் சந்தோஷமாக பட்டனை அழுத்தி அணைத்துவிட்டுப் போவேன். ஒருமுறை வண்டியை நான்கு நாள் எடுக்கவில்லை, ஐந்தாம் நாள் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமில்லை: அணைந்தது போல நடிக்கும் செட் அரை ஆம்பியர் இழுத்தாலும் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி, 45 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு நான்கு நாள் என்பது அதிகம்தான். நின்றிருக்கும் வண்டி மொத்தமாக 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது பொதுவான அளவுகோல். பொருத்துபவரிடம் மல்டிமீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

நீங்களே பொருத்துவதாக இருந்தால் முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று: சில கம்பெனி செட்டுகள் கரண்ட் போய் வந்ததும் ரகசிய எண் கேட்கும். அந்த எண் வண்டிக் கையேட்டில் அல்லது தனி அட்டையில் இருக்கும், தேடி எடுத்துவைத்துவிட்டுக் கழற்றுங்கள். மஞ்சள் நிறக் கப்ளர் எது கண்ணில் பட்டாலும் தொடாதீர்கள், பெரும்பாலும் ஏர்பேக் சம்பந்தப்பட்டது. ஸ்பீக்கர் மைனஸ் வயரை வண்டித் தகட்டில் எர்த் செய்யாதீர்கள், இப்போதைய செட்டுகளில் அந்த வயரிலும் சிக்னல் ஓடுகிறது, எர்த் செய்தால் உள்ளே இருக்கும் ஆம்ப் சிப் போய்விடும்.

ஹேண்ட் பிரேக்கோடு சேர வேண்டிய ஒரு வயர் இருக்கும், வண்டி ஓடும்போது வீடியோ தெரியாமல் தடுப்பது அது. அதை நேரே எர்த்தில் கொடுத்துப் பூட்டை உடைப்பதை ஏதோ திறமை போலச் செய்து தருவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

டேஷ்போர்டை மூடும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: நான்கு ஸ்பீக்கரும் தனித்தனியாக, ரேடியோ, ரிவர்ஸ் கேமரா, ஸ்டியரிங் பட்டன், போனில் ஒரு அழைப்பு. மைக்கை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஏசி துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எதிர்முனையில் இருப்பவருக்குப் புயலில் நின்று பேசுவது போலக் கேட்கும், முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணின் மேல்பக்கம் வைப்பது நல்லது.

ஒரு மாலை நேரத்தை ட்யூனிங்குக்கு ஒதுக்குங்கள்

நல்ல செட், நல்ல ஸ்பீக்கர், ஆனால் ஒலி சுமார் என்று புலம்புபவர்களில் பலர் இதைச் செய்திருக்க மாட்டார்கள். சத்தமில்லாத இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். வரிக்கு வரி தெரிந்த மூன்று பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: குரல் முன்னால் நிற்பது ஒன்று, தாளம் கனமானது ஒன்று, வாத்தியக் கூட்டம் நிறைந்தது ஒன்று.

லவுட்னஸ், பேஸ் பூஸ்ட், "ராக்", "பாப்" எல்லாவற்றையும் அணையுங்கள். குரல் பாட்டைப் போட்டு, குரல் நடுவிலிருந்து வருகிறதா என்று கேளுங்கள். குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் பேஸும் மெலிந்து போயிருந்தால் ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. அது எது என்று கண்டுபிடிக்க, ஸ்பீக்கரைச் செட்டிலிருந்து பிரித்துவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸில் பிளஸ் பட்டால் கூம்பு வெளிப்பக்கம் நகரும்.

அடுத்து ஹை-பாஸ் ஃபில்டர், அதாவது தாழ்ந்த ஒலியை வெட்டி மற்றதை மட்டும் விடும் வசதி. கதவு ஸ்பீக்கரால் ஆழமான பேஸை எழுப்ப முடியாது, முயன்றால் கரகரக்கும். சப்-வூஃபர் இருந்தால் கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், இல்லையென்றால் 50 அல்லது 60. இது ஒன்றை மட்டும் செய்தாலே அதிகச் சத்தத்தில் ஒலி எவ்வளவு சுத்தமாகிறது என்று பாருங்கள்.

ஒலியைப் பட்டை பட்டையாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் கூட்டுவதைவிடக் குறைப்பதே நல்லது. குரல் தொட்டிக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் 200, 250 ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் இறக்குங்கள். காதைக் குத்தினால் 2,000-லிருந்து 4,000 வரை. "ஸ்ஸ்" என்ற எழுத்து மட்டும் சீறினால் 6,000-லிருந்து 8,000. ஒவ்வொரு முறையும் 2, 3 டெசிபல் போதும். இரண்டு ஓரத்துப் பட்டைகளையும் மேலே தள்ளி ஒரு சிரிப்பு வடிவம் வரைபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் காது, அவர்கள் இஷ்டம்.

டைம் அலைன்மென்ட் என்ற வசதி இருந்தால் விட்டுவிடாதீர்கள். உங்கள் பக்கத்து ஸ்பீக்கர் அருகில், மறுபக்கத்தது தள்ளி, அதனால் எல்லா ஒலியும் உங்கள் பக்கமே சாயும். டேப் எடுத்துத் தலைக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை அளங்கள். வித்தியாசம் 50 செ.மீ. என்றால், ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும் கணக்கில் கிட்டத்தட்ட 1.5 மில்லி விநாடி. அருகில் உள்ள ஸ்பீக்கரை அவ்வளவு தாமதப்படுத்தினால் குரல் டேஷ்போர்டின் நடுவுக்கு நகர்ந்து உட்காரும். முதன்முதலில் கேட்கும்போது கொஞ்சம் மாயாஜாலமாகத்தான் இருக்கும். ஒரே குறை, பக்கத்தில் உட்காருபவருக்கு முன்பைவிட மோசமாகக் கேட்கும்.

கடைசியாக, போனின் சத்தத்தை முழுதாக வைத்து, செட்டின் சத்தத்தை மெல்லக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒலி உடையத் தொடங்கும் எண்ணைப் பாருங்கள். அதற்கு இரண்டு மூன்று எண் கீழேதான் உங்கள் எல்லை. உடைந்த ஒலியைத் தொடர்ந்து ஓட்டினால் முதலில் போவது உயர்ந்த ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர். காதுக்கும் ஓர் எல்லை உண்டு: 85 டெசிபலில் 8 மணி நேரம் பாதுகாப்பு என்றால் 88-இல் 4 மணி நேரம்தான், 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும்.

அன்றாடம் வரும் தொல்லைகள்

எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு "ங்ஙீ" ஓசை வந்தால் பெரும்பாலும் எர்த் பிரச்சினை. ஆக்ஸ் வயரில் பாட்டு, அதே போனில் சார்ஜ் என்று இருந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், ஓசை நின்றால் காரணம் அதுதான், ப்ளூடூத்துக்கு மாறுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கறுப்பு வயரைப் பெயின்ட் சுரண்டிய தகட்டில் இறுக்கமாகக் கட்டச் சொல்லுங்கள். எஃப்எம் முன்பைவிட மோசமாக எடுத்தால் பெரும்பாலும் அந்த நீல வயர் ஆன்டெனா பூஸ்டருக்குப் போகவில்லை என்று அர்த்தம், பத்து நிமிட வேலை.

போன் அடிக்கடி துண்டித்தால் செட்டைத் திட்டும் முன் யுஎஸ்பி கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் ஆண்ட்ராய்டு ஆட்டோ எழவே எழாது. பென்டிரைவ் தெரியவில்லை என்றால் அதை ஃபேட்32 வடிவத்தில் ஃபார்மட் செய்து பாருங்கள். பாட்டுகள் பெயர் வரிசையில் வராமல் தாறுமாறாக வந்தால், நகலெடுத்த வரிசையிலேயே பாடும் செட்டுகள் உண்டு, காலி செய்துவிட்டு வரிசையாக மறுபடி ஏற்றுங்கள். திரையைத் துடைக்க மென்மையான துணியில் துளி நீர் போதும், கண்ணாடி துடைக்கும் திரவம் மேல்பூச்சை அரிக்கலாம்.

வண்டியை சர்வீஸுக்கு விடும்போதும் விற்கும்போதும் செட்டில் ஏறியிருக்கும் தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் அழியுங்கள், நிறையப் பேர் மறப்பது இது.

கழற்றிய பழைய செட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஃப்ரேம், ஸ்க்ரூ, கப்ளர் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி, அந்த ரகசிய எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டுப் பரணில் வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் அதை மாட்டிக் கொடுத்துவிட்டு, புது செட்டை அடுத்த வண்டிக்குக் கொண்டு போகலாம், துளையின் அளவு ஒத்துவந்தால்.